டாட்சன் 510: ஒரு குடும்பக் காருக்கு ஏன் இத்தனை மவுசு?

பழைய ஜப்பானிய கார்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஸ்கைலைன், ஃபேர்லேடி இசட் ஆகிய பெயர்களோடு டாட்சன் 510-ம் அடிபடும். முதல் இரண்டின் மதிப்பு பார்த்தவுடன் புரியும். 510 அப்படியல்ல. நேர்கோடுகளால் ஆன பாடி, 13 அங்குல வீல், 1600 சி.சி. எஞ்சின், ஆபீஸ் போய்வர, பிள்ளைகளை ஏற்றிச் செல்ல விற்கப்பட்ட கார். இதற்கு ஏன் இவ்வளவு விலை, இவ்வளவு ஆர்வம் என்ற கேள்வி நியாயமானது.

டாட்சன் என்பது நிசான் நிறுவனத்தின் பிராண்ட். நம் ஊரில் டாட்சன் என்றால் ஒரகடம் ஆலையில் தயாராகி 2014-ல் விற்பனைக்கு வந்த ‘கோ’ தான் பலருக்கும் ஞாபகம் வரும். 2022-ல் அந்த பிராண்டே நிறுத்தப்பட்டது. அந்த காருக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை.

510-ன் மதிப்பு அதன் தரைக்கு அடியில், குறிப்பாகப் பின்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பில் இருக்கிறது. அன்று அதைவிட விலை கூடிய ஐரோப்பிய செடான்களில் மட்டுமே கிடைத்த அமைப்பு அது. இன்று ஒரு 510-ஐ வாங்குபவர் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடமும் அதேதான்.

## முதலில் பெயர்க் குழப்பம்

ஒரே கார் நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயரில் விற்றது. போதாததற்கு அதே பெயர்களை வேறு கார்களும் சுமந்தன. உதிரிபாகம் வாங்குபவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1. ஜப்பானில் இதன் பெயர் ப்ளூபேர்டு; 510 என்பது அந்தத் தலைமுறையின் எண். 1967 ஆகஸ்டில் வெளிவந்தது. 1971-ல் 610 எண்ணுள்ள ‘ப்ளூபேர்டு யூ’ வந்த பிறகும் 510 சில காலம் கூடவே விற்றது.

2. வட அமெரிக்காவில் டாட்சன் 510. 1968 முதல் 1973 வரையான மாடல் ஆண்டுகள். சேசிஸ் எண் பி.எல். 510 என்று தொடங்கும். ‘பி’ என்றால் 1600 எஞ்சின், ‘எல்’ என்றால் இடதுபக்க ஸ்டியரிங். முன்னால் ‘டபிள்யூ’ சேர்ந்திருந்தால் வேகன்.

3. ஆஸ்திரேலியாவில் இதே செடான் டாட்சன் 1600. ஆனால் அமெரிக்காவில் டாட்சன் 1600 என்றால் ஃபேர்லேடி வரிசையைச் சேர்ந்த, கூரை திறந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு எஞ்சினும் 1,595 சி.சி. தான். அளவு ஒன்றாக இருப்பதால் ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது, வால்வுகளைத் தண்டுகளால் தள்ளித் திறக்கும் புஷ்ராட் வகை ஆர் எஞ்சின். செடானில் இருப்பது, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தலைமேல் அமைந்த எல்16. பிஸ்டன் விட்டம்கூட வேறு.

4. 1978 முதல் 1981 வரை அமெரிக்காவில் மறுபடியும் டாட்சன் 510 என்ற பெயரில் ஒரு கார் விற்றது. அது ஏ10 எனப்படும் வயலெட் வகை. பின்னால் ஒற்றை அச்சு. பாடி, சஸ்பென்ஷன், கண்ணாடி எதுவும் பழைய 510-க்குப் பொருந்தாது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் இருந்த 1,952 சி.சி. எல்20பி எஞ்சின் மட்டும் பழைய 510 வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆகவே பாகம் கேட்கும்போது மாடல் பெயரைச் சொல்வதில் பயனில்லை. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணையும் சொல்ல வேண்டும்.

## 410 சறுக்கியதும் 510 பிறந்ததும்

510-க்கு முந்தைய ப்ளூபேர்டு 410. 1963-ல் வந்தது. அதை வடிவமைத்தது இத்தாலியின் புகழ்பெற்ற பினின்ஃபரீனா. பக்கவாட்டில் பார்த்தால் அதன் பின்பகுதி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1964-ல் டொயோட்டா மூன்றாம் தலைமுறை கொரோனாவை இறக்கி, மெய்ஷின் விரைவுச்சாலையில் 1,00,000 கி.மீ. ஓட்டிக் காட்டி விளம்பரம் செய்தது. ப்ளூபேர்டுக்கும் கொரோனாவுக்கும் இடையே நடந்த அந்தப் போட்டியை ஜப்பானியப் பத்திரிகைகள் இரண்டு பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டு ‘பி.சி. போர்’ என்றே அழைத்தன. நிசான் அதில் பின்தங்கியது.

இன்னொரு மாற்றமும் அப்போது நடந்துகொண்டிருந்தது. மெய்ஷின் சாலையின் முதல் பகுதி 1963-ல் திறந்தது. டோக்கியோவையும் நகோயாவையும் இணைக்கும் தோமெய் சாலை 1969-ல் முழுமையாகத் திறந்தது. நகரத்துக்குள் மெதுவாக ஓடுவதற்கென்று கட்டிய கார்கள் இனி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நேரக்கணக்கில் ஓட வேண்டும். கட்டை போன்ற பின் அச்சும், இரண்டு கியர் மாற்றத்துக்குள் மூச்சு வாங்கும் எஞ்சினும் அதற்குப் போதாது.

510-ன் தோற்றம் நிசானுக்குள்ளேயே தெருவோ உச்சினோவின் கையில் உருவானது. சரிவு போய், முன்னிருந்து பின்வரை நேராக ஓடும் கோடுகள் வந்தன. முன்கதவில் அக்காலக் கார்களில் தவறாமல் இருந்த முக்கோணக் கண்ணாடியை எடுத்துவிட்டு, டேஷ்போர்டு வழியாகக் காற்றை உள்ளிழுத்துப் பின்னால் வெளியேற்றும் வசதியை வைத்தார்கள். பக்கவாட்டுத் தோற்றம் அவ்வளவு துப்புரவாக இருப்பதற்கு அந்த ஒரு முடிவு பெரிய காரணம்.

எஞ்சின் அளவில்தான் இழுபறி. ஜப்பானியச் சந்தைக்கு 1300 சி.சி. போதும். அமெரிக்காவில் நிசான் விற்பனையைக் கவனித்துவந்த யுதாகா கதாயாமா, அங்குள்ள நெடுஞ்சாலைக்கு 1600 சி.சி. இல்லாமல் முடியாது என்று தலைமையகத்தோடு மல்லுக்கட்டினார். பி.எம்.டபிள்யூ 1966-ல் கொண்டுவந்த 1600 செடான் அவர் கண்முன் இருந்த அளவுகோல். கடைசியில் அவர் கேட்டது கிடைத்தது. அமெரிக்காவில் 510-ன் ஆரம்ப விலை 2,000 டாலரைத் தொடவில்லை, 1,996 டாலர். பி.எம்.டபிள்யூ 1600 அங்கே சுமார் 2,500 டாலர். ‘ஏழைகளின் பி.எம்.டபிள்யூ’ என்ற பட்டப்பெயர் வந்தது இந்த விலை வித்தியாசத்தால் மட்டுமல்ல; இரண்டு கார்களின் அடிப்பாகமும் ஒரே சிந்தனையில் அமைந்திருந்தது.

## பின்சக்கர அமைப்பு: விஷயமே இங்கேதான்

அக்காலத்தில் மலிவான செடான்களில் பெரும்பாலும் இருந்தது ஒற்றை அச்சு. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே இரும்பு ஹவுசிங்கின் இரு முனைகளில் இருக்கும், நடுவில் எஞ்சினின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல். நம் அம்பாசடரிலும் இதே ஏற்பாடுதான். இதில் இரண்டு சிக்கல்கள்.

1. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரமும் சாயும். மேடுபள்ளமான வளைவில் இரண்டு டயருமே பிடிப்பை இழக்கலாம்.

2. டிஃபரன்ஷியலின் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிறது. குதிக்கும் எடை கூடக்கூட, ஷாக் அப்சார்பரால் சக்கரத்தைச் சாலையோடு அழுத்தி வைக்க முடியாது.

510 செடானில் டிஃபரன்ஷியல் பாடியோடு பொருத்தப்பட்டிருக்கிறது, குதிப்பதில்லை. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தனித்தனி ஆர்ம் தாங்குகிறது. அந்த ஆர்ம் பின்பக்க கிராஸ்மெம்பரில் (குறுக்குச் சட்டம்) இரண்டு ரப்பர் புஷ்களில் சுழலும். அந்த இரண்டு புஷ்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அது காரின் குறுக்கே நேராக ஓடாமல் சற்றுச் சாய்வாக ஓடும். செமி டிரெய்லிங் ஆர்ம் என்பது இதுதான்.

அந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் மேலெழும். சாய்வான அச்சில் சுழல்வதால், மேலெழும் சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாயும். பாடி வெளியே சாய, சக்கரம் உள்ளே சாய, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி டயர் சாலையில் கிட்டத்தட்ட நேராக நிற்கும். எடை ஒரு டன்னுக்கும் கீழே, வீல்பேஸ் 2,420 மி.மீ., முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட்; இவற்றோடு இது சேர்ந்ததால்தான் அந்த விலையில் வேறெந்த செடானும் தராத கையாளுகை கிடைத்தது.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால் எடை முன்னே போகும், பின்பக்கம் உயரும். அப்போது சக்கரத்தின் சாய்வு தலைகீழாக மாறி, பிடிப்பு குறைந்து, வால் வெளியே வீசும். பழகிய ஓட்டுநர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். புதியவர் ஈரச்சாலையில் இதை மறக்கக் கூடாது.

வேகன் வகையில் இந்த அமைப்பு கிடையாது. சுமை ஏற்றுவதற்காக அதற்கு ஒற்றை அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும்தான். வெளியே ஒரே முகம், கீழே வேறு கார். ‘510 ஓட்டினேன், ஒன்றும் பெரிதாக இல்லை’ என்பவர் ஓட்டியது எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

## எஞ்சின் வரிசை

எல் வரிசை எஞ்சின்களின் அமைப்பு ஒன்றேதான்: இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், தலைமேல் ஒரு கேம்ஷாஃப்ட், அதை ஓட்டும் இரட்டை வரிசை டைமிங் செயின், கிராங்குக்கு ஐந்து மெயின் பேரிங்.

எல்13: 1,296 சி.சி., ஜப்பானிய அடிப்படை மாடல்.
எல்14: 1,428 சி.சி., 1970-ல் எல்13-க்குப் பதிலாக வந்தது.
எல்16: 1,595 சி.சி., போர் (சிலிண்டர் விட்டம்) 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 73.7 மி.மீ.
எல்18: 1,770 சி.சி., போர் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 78 மி.மீ., 1970-க்குப் பின் வந்த எஸ்.எஸ்.எஸ். மாடல்.

எஸ்.எஸ்.எஸ். என்பது சூப்பர் ஸ்போர்ட்ஸ் செடான். இரட்டை எஸ்.யூ. வகை ஹிட்டாச்சி கார்ப்பரேட்டர்களுடன் 1600 எஸ்.எஸ்.எஸ். 100 குதிரைத்திறன் தந்தது. அமெரிக்க 510-ல் இரண்டு பேரல் கொண்ட ஒற்றைக் கார்ப்பரேட்டர். 96 குதிரைத்திறன் என்று விளம்பரம். இந்த 96-ஐ பி.எம்.டபிள்யூவின் 85-ஓடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. அமெரிக்க எண், எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து, ஃபேன், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தது. ஜெர்மன் எண் காரில் இருக்கும் நிலையில் அளந்தது. சாலையில் இரண்டும் ஏறத்தாழச் சமம்.

ஜப்பானில் 1968-ல் வந்த கூபேயில் ஒரு அழகான விஷயம் உண்டு. திரும்பும்போது பின்விளக்கில் மூன்று பல்புகள் உள்ளிருந்து வெளியே ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஆனால் கூபேயும் இரண்டு கதவு செடானும் ஒன்றல்ல. கூரைக்கோடு வேறு, பின்கண்ணாடி வேறு.

## பந்தயம் தந்த பெயர்

1970-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை எட்கர் ஹெர்மனும் ஹான்ஸ் ஷூலரும் 1600 எஸ்.எஸ்.எஸ். காரில் வென்றார்கள். சேறும் கல்லும் நிறைந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அது. தனித்தனிப் பின்சக்கர அமைப்பு சொகுசுக்கு மட்டுமல்ல, அடிதாங்கவும் செய்யும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சோதனை அன்று இல்லை.

அமெரிக்காவில் பீட்டர் பிராக்கின் பி.ஆர்.இ. அணிக்காக ஜான் மோர்ட்டன் 1971, 1972 இரண்டு ஆண்டும் டிரான்ஸ்-ஆம் என்ற கார் பந்தயத் தொடரில் 2.5 லிட்டருக்குட்பட்ட பிரிவின் பட்டத்தை வென்றார். எதிரில் நின்றது ஆல்ஃபா ரோமியோ. சிவப்பு, வெள்ளை, நீல வண்ணத்தில் 46 எண்ணோடு இன்று சாலையில் தென்படும் 510-களில் பெரும்பாலானவை அந்தக் காரின் சாயலில் பின்னாளில் பெயின்ட் அடித்தவை. வண்ணத்தைப் பார்த்துப் பந்தய வரலாறு உள்ள கார் என்று விலை கொடுத்துவிடக் கூடாது.

## வாங்கும்போது துருவைத் தேடும் வரிசை

எஞ்சின் கிடைக்கும், கியர்பாக்ஸ் கிடைக்கும். துருப்பிடித்த பாடியைச் சரிசெய்யும் டிங்கரிங் செலவுதான் காரின் விலையையே தாண்டும். 510-ல் தனி சேசிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தமும், ஒரு ஸ்குரூடிரைவரும், டார்ச்சும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே பட்டி இருக்கிறது.

1. பேட்டரி தட்டு. பல ஆண்டு வழிந்த ஆசிட் தட்டைத் தின்று, கீழே உள்ள உள் மட்கார்டு வரை போயிருக்கும். பேட்டரியைத் தூக்கிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

2. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பகுதி. இலைதழை அடைத்து நீர் தேங்கி, ஓட்டையாகி, மழையில் காலடியில் ஒழுகும். தரைவிரிப்பு ஈரமாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

3. தரைத் தகடு. உள்ளே ஒட்டியிருக்கும் தார் விரிப்பு பார்க்க நன்றாக இருக்கும். அதன் அடியில் ஈரம் நின்று தகடு அரித்திருக்கும். ஒரு மூலையைப் பெயர்த்துப் பாருங்கள்.

4. முன்பக்க ரெயிலில் டென்ஷன் ராட் வந்து பொருந்தும் இடம். பிரேக் போடும்போது முன்சக்கரத்தின் இழுப்பு முழுவதும் இங்கேதான் விழுகிறது. இங்கே துரு என்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஒட்டுப்போட்ட வெல்டிங்கை ஏற்கக் கூடாது.

5. கதவின் அடிவிளிம்பு, அதன் கீழே உள்ள பாக்ஸ் பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மூலைகள்.

6. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி. பின்விளக்குகளின் ரப்பர் கேஸ்கட் காய்ந்தால் தண்ணீர் நேராக இங்கே வரும். ஸ்டெப்னியை வெளியே எடுக்க விற்பவர் தயங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

7. பின்பக்க கிராஸ்மெம்பர் பாடியோடு சேரும் இடங்கள். காரின் சிறப்பே இந்த அமைப்பு என்பதால் இங்கே பலவீனம் இருந்தால் மீதி எல்லாம் வீண்.

அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் அதைப் பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு வளையாது.

வெயில் ஊர்களில் இருந்த கார்களில் துரு குறைவாக இருக்கும், ஆனால் டேஷ்போர்டு பிளந்திருக்கும். பிளக்காத அசல் டேஷ்போர்டு கிடைப்பது அரிது.

## எஞ்சினில் எது போகும், ஏன் போகும்

எல்16 முரட்டு எஞ்சின். அது கெடுவதைவிட, அதைக் கையாளத் தெரியாமல் கெடுப்பதே அதிகம்.

ஹெட் கழற்றும்போது. டைமிங் செயினின் டென்ஷனர் முன்கவருக்கு உள்ளே, கீழே இருக்கிறது. கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியதும் செயின் தளர்ந்தால் டென்ஷனரின் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும். அதன்பின் ஹெட்டை மாட்டினாலும் பயனில்லை. முன்கவரையே கழற்ற வேண்டும். இதைத் தடுக்க, கீழ்நோக்கி ஒடுங்கும் மர ஆப்பு ஒன்றைச் செதுக்கி, செயினின் இரு பக்கங்களுக்கும் நடுவில் மேலிருந்து இறுக்கமாகச் செருக வேண்டும். ஆப்பின் மேல்முனையில் கம்பி கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்து எடுக்கும்போது உள்ளே சிக்கும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேருமிடத்தில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது.

செயின் நீண்டால். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று துளைகள் இருக்கும். கேமின் டவல் பின் எந்தத் துளையில் உட்காருகிறது என்பதைப் பொறுத்து வால்வ் டைமிங் மாறும். புது செயினுக்கு 1. செயின் தேய்ந்து நீண்டு டைமிங் பின்தங்கும்போது 2, பிறகு 3. மூன்றாவது துளையிலும் குறி பொருந்தவில்லை என்றால் செயினை மாற்ற வேண்டும். ஹெட்டை லேத்தில் அதிகமாகச் சீவினாலும் இதே விளைவு வரும்: கேம் கிராங்கை நெருங்குவதால் செயின் தளர்ந்து டைமிங் பின்தங்கும். அப்போது கேம் டவர்களுக்கு அடியில் சீவிய அளவுக்கு ஷிம் வைக்க வேண்டும்.

ஆயில் பம்பு கழற்றினால். டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் தண்டு ஆயில் பம்போடு சேர்ந்தது. பம்பை இறக்கினால் இக்னிஷன் டைமிங் போய்விடும். மறுபடி மாட்டும்போது முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் டாப்பில் நிற்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் துளைக்குள் மேலிருந்து பார்த்தால் தண்டின் நாக்கு கடிகாரத்தில் 11.25 மணி காட்டும் திசையில் இருக்க வேண்டும். நாக்கு தண்டின் சரிநடுவில் இல்லை. அதன் ஒரு பக்கம் சிறிய பிறை, மறுபக்கம் பெரிய பிறை. சிறிய பிறை காரின் முன்பக்கம் வர வேண்டும். ஒரு பல் தவறினால் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் கிடைக்காது.

கேம் தேய்வு. சில ஹெட்களில் கேமுக்கு ஆயில் தெளிக்கத் தனிக் குழாய் உண்டு. சிலவற்றில் கேமின் உள்துளை வழியாகவே ஆயில் வரும். குழாய் உள்ளவற்றில் இணைப்பு தளர்ந்தாலோ துளை அடைத்தாலோ கேமின் ஏதோ ஒரு லோப் காய்ந்து தேயும். வால்வ் கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டரில் எஞ்சினைச் சுற்றி எல்லாத் துளையிலும் ஆயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேமும் ராக்கரும் உராய்ந்து ஓடும் வகை என்பதால், துத்தநாகச் சேர்மம் போதுமான அளவுள்ள ஆயிலே நல்லது. நவீன கார்களுக்கான பல ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருக்கிறது.

வால்வ் இடைவெளி. எஞ்சின் சூட்டில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. கொஞ்சம் ‘டிக் டிக்’ சத்தம் இந்த எஞ்சினின் இயல்பு. சத்தத்தை அடக்க இடைவெளியைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் வால்வ் சரியாக மூடாமல் கருகும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாமை. இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டும் எஞ்சினின் ஒரே பக்கம் இருக்கின்றன. வண்டியை நிறுத்தியதும் எக்ஸாஸ்ட் சூடு மேலே ஏறிக் கார்ப்பரேட்டரில் உள்ள பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் திணறும். கார்ப்பரேட்டரை மாற்றுவதற்கு முன், அதற்குக் கீழே இருக்க வேண்டிய வெப்பத்தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் பெரும்பாலும் யாரோ கழற்றித் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேரும் இடத்தில் அரிப்பு தொடங்கும். அதன்பின் ஒருமுறை சூடேறினாலே ஹெட் வளையும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கும் ஊர்களில் பழைய ரப்பர் ஹோஸ்களையும், ஹெட்டில் பொருத்தியுள்ள மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரத்தையும் முதலிலேயே மாற்றிவிடுவது பாதுகாப்பு.

## பின்பக்கச் சத்தங்களைப் படிப்பது

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்னால் ‘டொக்’ என்று கேட்டால் எல்லோரும் டிஃபரன்ஷியலைப் பழிப்பார்கள். இந்த வரிசையில் பாருங்கள்:

1. டிஃபரன்ஷியலின் பின்முனையைப் பாடியோடு பிடித்திருக்கும், மீசை வடிவ இரும்புப் பட்டையின் ரப்பர்கள். செலவு குறைவு, பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

2. புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் இரண்டு பக்க ஹாஃப் ஷாஃப்டுகளிலும் உள்ள ஜாயின்ட் கிராஸ்கள்.

3. ஹாஃப் ஷாஃப்டின் நடுவில் உள்ள ஸ்பிளைன். சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளம் மாற வேண்டும். அதற்காக உள்ளே சிறு குண்டுகள் மேல் ஸ்பிளைன் சறுக்குகிறது. கிரீஸ் காய்ந்தால் சறுக்காமல் சிக்கி, பிறகு சட்டென விடுபடும். பாடி உலுக்குவது போலத் தெரியும். கழற்றினால் இரண்டு பாதிகளையும் குறிவைத்து அதே நிலையில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கக் குண்டுகளை மறுபக்கத்தோடு கலக்கக் கூடாது.

4. இவை எல்லாம் சரியென்றால் மட்டும் டிஃபரன்ஷியல். இதில் இருப்பது ஆர்160 வகை. சுபாரு தன் கார்களில் நீண்டகாலம் இதே வகையைப் பயன்படுத்தியதால், மாற்று கிடைப்பது கடினமல்ல. லிமிடெட் ஸ்லிப் வகையும் அங்கிருந்தே வருகிறது.

காரைத் தாழ்த்த நினைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குட்டை ஸ்பிரிங் போட்டால் சக்கரம் நிரந்தரமாகவே மேலெழுந்த நிலையில் நிற்கும். அதாவது மேல்முனை உள்ளே சாய்ந்தபடி. கூடவே டோ கோணமும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். தொழிற்சாலை அமைப்பில் பின்பக்கம் இவற்றைச் சரிசெய்ய வழியில்லை. டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் நூல் தெரியத் தேயும். கிராஸ்மெம்பரில் ஆர்ம் பொருந்தும் பிராக்கெட்டை வெட்டி, நகர்த்திப் பொருத்தக்கூடிய பிராக்கெட்டை வெல்டு செய்வதே இதற்கு வழி. அதைச் செய்யாமல் தாழ்த்துவது காரின் ஒரே பெரிய பலத்தைக் கெடுப்பது.

## பிரேக்கும் மின்சாரமும்

1600 மாடல்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அடிப்படை 1300 மாடல்களில் நான்கும் டிரம். நீண்டநாள் நின்ற காரில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கூடிய அழுத்தத்தில் அடுத்தது ஒழுகும். பழைய பிரேக் ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசு ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் சுவிட்ச் வழியாகவே போகிறது. ஐம்பது ஆண்டு பழைய சுவிட்சில் அதிக வாட் பல்பு போட்டால் உள்ளே உருகும். இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேரடி வயர் இழுத்தால் சுவிட்ச் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். பாயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ., பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மி.மீ. எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினால், காயிலுக்கு முன்னால் உள்ள பேலஸ்ட் ரெசிஸ்டரை அந்த மாடியூலுக்கு ஏற்ப வைப்பதா எடுப்பதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் மாடியூலைக் கருக்குபவர்கள் அதிகம்.

## எஞ்சின் மாற்றம்: எது சுலபம், எது பெரிய வேலை

எல்18-ன் பிளாக் உயரம் எல்16-ன் உயரமே. மவுன்ட், முன்கவர், செயின் எல்லாம் ஒத்துப்போகும். அசல் தோற்றத்தைக் கெடுக்காமல் கூடுதல் இழுவை வேண்டுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எல்20பி அப்படியல்ல. ஸ்ட்ரோக் 86 மி.மீ. என்பதால் பிளாக் ஏறக்குறைய 20 மி.மீ. உயரம் கூடுதல். அதனால் எல்20பி-யின் சொந்த செயினும் முன்கவரும் வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்பின் இணைப்பும் மேலேறும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வடிவம் 510-ன் கிராஸ்மெம்பரில் இடிக்காமல் இருக்கிறதா என்று எஞ்சினை இறக்குவதற்கு முன்பே வைத்துப் பாருங்கள்.

சில்வியாவின் எஸ்.ஆர்.20 டர்போ எஞ்சினை 510-ல் வைப்பது அமெரிக்காவில் பரவலான பழக்கம். வேலை சுத்தமாக நடந்தால் கார் பறக்கும். ஆனால் 100 குதிரைத்திறனுக்கு வடிவமைத்த, பின்சக்கரம் பொருந்தும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸில் அதன் இரண்டு மடங்கைத் தாங்காது. முறிந்தால் சக்கரமே கழன்று போகும். அத்தகைய காரை வாங்குபவர் பானட்டைத் திறப்பதற்கு முன், காரைத் தூக்கி நிறுத்தி, ஸ்டப் ஆக்ஸிலும் ஹாஃப் ஷாஃப்டும் முன்பிரேக்கும் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாற்றாமல் எஞ்சின் மட்டும் ஏறியிருந்தால், அந்த வேலைகளின் செலவைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். வேலை முடியும்வரை அந்தக் காரைச் சாலையில் ஓட்டாதீர்கள்.